ஓடை உளுவை: வலையில் பிடிப்பதா, கடையில் வாங்குவதா, எந்த வகையை?

மலையோடைகளில் கல்லோடு கல்லாக ஒட்டி வாழும் சிறு உளுவைகளை (கோபி மீன்களை) வீட்டுத் தொட்டியில் வளர்க்க விரும்புகிறவர் இரண்டு கேள்விகளுக்கு ஒருசேர விடை தேட வேண்டியிருக்கிறது. எந்த வகை என்பது ஒன்று, அதை எங்கிருந்து பெறுவது என்பது மற்றொன்று. நிறத்தைப் பார்த்து முதல் கேள்வியையும், விலையைப் பார்த்து இரண்டாவதையும் முடித்துவிடுபவர்களே அதிகம். உடலெல்லாம் நீலம் மின்னும் ஸ்டிஃபோடான் என்ற உளுவைப் பேரினத்தின் ஆணையோ, செக்கச்சிவந்த கோடுகளோடு துடுப்பை விரித்து நிற்கும் ரைனோகோபியஸ் பேரினத்தின் ஆணையோ ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு அந்த அவசரம் வருவது இயல்புதான். ஆனால் இந்த மீன்களைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது, இதன் குஞ்சு எங்கே வளர்கிறது, ஓடையிலா, கடலிலா என்பதைத்தான். தொட்டியில் இவை பெருகுமா, ஓடையிலிருந்து நாலைந்தை எடுத்துவந்தால் அந்த இழப்பு ஈடாகுமா என்பவற்றுக்கு மட்டுமல்ல, எந்த மீனைப் பிடிக்கலாம், எதை வாங்கத்தான் வேண்டும் என்பதற்கும் அந்த ஒரு விடையிலிருந்தே வழி பிறக்கிறது.

ஸ்டிஃபோடான், சிக்யோபஸ், சிக்யோப்டெரஸ், லென்டிபெஸ் ஆகிய பேரினங்களின் மீன்கள் நன்னீர் ஓடையில்தான் முட்டையிடுகின்றன. பொரிந்த இளம்புழுக்களோ ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உடையவை. வாயும் கண்ணும் முழுமையாக உருவாகாத நிலையில் ஓட்டத்தோடு கடலுக்குப் போய்ச் சேர்கின்றன. சில நாட்களுக்குள் உப்புநீரை எட்டாதவை இறந்துவிடும். ஜப்பானின் ஓகினாவாத் தீவுகளில் வாழும் ஸ்டிஃபோடான் பெர்க்னாப்டெரிஜியோனஸின் குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டரை மாதம் முதல் ஐந்து மாதம் வரை கடலில் மிதந்து வளர்ந்த பிறகே ஏதாவது ஓர் ஆற்றின் முகத்துவாரத்தைத் தேடி வருகின்றன. அங்கிருந்து, ஒன்றாய் இணைந்து உறிஞ்சியாக மாறியிருக்கும் வயிற்றுத் துடுப்புகளால் பாறையைப் பற்றிக்கொண்டு மேலேறுகின்றன. ஹவாயில் லென்டிபெஸ் கன்கலர் என்ற உளுவை 130 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள அகாகா அருவிக்கு மேலேயும் வாழ்கிறது என்றால் அந்த உறிஞ்சியின் வலுவை ஊகித்துக்கொள்ளலாம். தமிழ் வம்சாவளியினர் பலர் வாழும் ரீயூனியன் தீவில், கடலிலிருந்து கூட்டங்கூட்டமாகத் திரும்பும் சிக்யோப்டெரஸ் குஞ்சுகளை ஆற்றுவாயிலேயே பிடித்து ‘பிஷிக்’ என்ற பெயரில் கறி சமைக்கிறார்கள். அது அங்கே விலை உயர்ந்த பண்டம்.

ரைனோகோபியஸ் பேரினத்தில் இரு வழிகளும் உண்டு. சில இனங்களின் குஞ்சுகள் கடலுக்கோ, கடல் எட்டாத இடத்தில் ஏரிக்கோ அணைநீருக்கோ போய் வளர்கின்றன. வேறு சில, முட்டையைப் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இட்டு, பொரிந்த குஞ்சு உடனே ஓடைத் தரையிலேயே தங்கிவிடும்படி மாறிவிட்டன. இந்தப் பெரிய முட்டைக்காரர்கள்தான் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவர்கள்.

தாமே ஓடையில் இறங்கிப் பிடித்து வளர்க்கும் பழக்கம் பரவலாக உள்ள நாடு ஜப்பான் என்பதால் ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குகிறேன். ஷிசுவோகா, தோயாமா மாகாணங்களுக்கு மேற்கே உள்ள ஹோன்ஷு பகுதியிலும், ஷிகோகு, கியூஷு தீவுகளிலும் கவா-யோஷினோபோரி என அழைக்கப்படும் ரைனோகோபியஸ் ஃப்ளூமினியஸ் சாதாரணமாகக் கிடைக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஓடையை விட்டு நகராத மீன் இது. அதே ஆறுகளில் ஷிமா-யோஷினோபோரி என்ற ரைனோகோபியஸ் நகோயே, வேகமான நீரோட்டத்தை விரும்பும் ரூரி-யோஷினோபோரி போன்றவையும் உள்ளன. இவற்றின் குஞ்சுகள் கடலுக்குச் செல்பவை. நிறத்தில் பின்னவையே முந்துகின்றன: ஷிமாவின் கன்னத்தில் செம்பழுப்பில் புழு நெளிந்ததுபோல் கோடுகள் ஓடும், முட்டையிடும் காலத்தில் பெண்ணின் வயிறு அழுத்தமான நீலமாகிவிடும், ரூரியின் கன்னத்திலோ நீலப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். கவா-யோஷினோபோரி அவற்றுக்கு முன் சற்றுச் சாதுவான நிறம்தான். இருந்தும் இந்த மூன்றில் நான் எடுப்பது கவாவைத்தான். மற்ற இரண்டும் தொட்டியில் முட்டையிட்டாலும் குஞ்சைக் காப்பாற்ற உப்புநீர்த் தொட்டி, நுண்ணிய மிதவை உயிர்கள் என்று ஒரு சிறு ஆய்வுக்கூடமே தேவைப்படும்.

பிடிக்கும் முறை எளிது. அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் கைவலையை நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் தரையோடு அழுத்தி வைத்து, மேல்பக்கத்துக் கற்களைக் காலால் மெல்லப் புரட்டினால் ஒளிந்திருந்த மீன் ஓட்டத்தோடு வலைக்குள் வந்துவிடும். அப்படி வந்ததைச் சிறிய கண்ணாடிப் பெட்டியில் நீரோடு விட்டு, பக்கவாட்டிலிருந்து மார்புத் துடுப்பை எண்ண வேண்டும். துடுப்பில் உள்ள கதிர்கள் 15 முதல் 17 வரை இருந்தால் கவா-யோஷினோபோரி. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 18 அல்லது அதற்கும் மேல் இருக்கும். மீன் துடுப்பை விரித்து அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும், பழகாத கண்ணுக்கு ஒன்றிரண்டு பிசகும். ஆனாலும் தொட்டிக்குள் எது போகிறது என்பதை ஆற்றங்கரையிலேயே முடிவு செய்ய இதைவிட நம்பகமான வழி இல்லை. நிறம் பிடிபட்ட அதிர்ச்சியில் வெளுத்துப்போயிருக்கும், குஞ்சுப் பருவத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்.

மே மாதத்திலிருந்து கோடை முடியும்வரை கல்லைப் புரட்டும்போது அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். முட்டைகள் ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொட்டபடி அங்கே ஒட்டியிருக்கும். காவல் நிற்பது ஆண். அந்தக் கல்லை இருந்த குழியிலேயே, இருந்த திசையிலேயே திரும்ப வைத்துவிட்டு வேறு இடம் பார்ப்பதே முறை. காவலிருக்கும் ஆண்தான் நிறத்தில் உச்சத்தில் இருப்பவன் என்பதால் அவனையே எடுக்க மனம் இழுக்கும்; அவனை எடுத்தால் அந்தக் கல்லின் முட்டைகள் அத்தனையும் போகும். ஓரிரு மணி நேரத்தில் ஓரிரண்டு ஆண்களும் நாலு பெண்களும் போதுமென்று கிளம்பிவிடுவது நல்லது. வெயில் காலத்தில் குளிர்பெட்டி, மின்கலத்தில் இயங்கும் ஏர் பம்ப் இரண்டும் இல்லாமல் இறங்கக்கூடாது. சூடான காரில் ஒரு மணி நேரப் பயணமே இந்த மீனுக்கு எமன்.

சட்டமும் உண்டு. ஜப்பானில் ஒவ்வொரு மாகாணமும் ஆற்றில் எந்த வலையைப் பயன்படுத்தலாம், எந்தக் காலத்தில் கூடாது என்று தனித்தனி விதி வைத்திருக்கிறது. கைவலைக்குப் பெரும்பாலும் தடை இல்லை. வீச்சுவலைக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். உள்நாட்டு மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கத்தின் உரிமையில் இருக்கும் ஆறுகளில், உரிமைக்குட்பட்ட மீன்களைப் பிடிக்கச் சீட்டு வாங்க வேண்டும். சில ஆறுகளில் உளுவையும் அந்தப் பட்டியலில் சேரும். ஓகினாவாவின் வடபகுதியான யன்பாரு 2016இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, 2021இல் உலக இயற்கை மரபிடமும் ஆயிற்று. அங்கே கடுமையாகக் காக்கப்படும் பகுதிக்குள் வலையோடு நுழைவதே குற்றமாகலாம். போகும் முன் உரிய அலுவலகத்தின் விதியைப் படித்துவிட வேண்டும்.

ஓகினாவா என்றதும் ஸ்டிஃபோடானுக்கு வந்துவிடலாம். அழகில் இதை மிஞ்ச ஓடை உளுவைகளில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெர்க்னாப்டெரிஜியோனஸ் ஆண் நாலு சென்டிமீட்டரை எட்டுவதே அரிது. ஒரே இனத்தில் ஒருவன் உலோக நீலமாகவும் இன்னொருவன் செம்மஞ்சளாகவும் மற்றொருவன் கருமையாகவும் இருப்பான், மனநிலைக்கேற்ப நிமிடத்துக்குள் மாறவும் செய்வான். பெண்ணோ வெளிர் உடலில் இரண்டு கருங்கோடுகள் மட்டுமே கொண்டவள்; பல இனங்களின் பெண்கள் ஒருவருக்கொருவர் வேறுபாடே தெரியாத அளவுக்கு ஒத்திருப்பார்கள். கடையில் ‘நீல உளுவை’ என்று ஒரே தொட்டியில் இருப்பவை இரண்டு மூன்று இனங்களாக இருப்பது வழக்கம். எந்தத் தீவிலிருந்து வந்தவை என்று கேட்டாலும் சரியான பதில் வராது.

சண்டை குணம் இல்லை. ஆண்கள் துடுப்பை விரித்து வாயைத் திறந்து மிரட்டிக்கொள்வார்கள், அத்தோடு சரி. ஆறேழை ஒன்றாக வைத்தால்தான் நிறமும் எடுப்பாகிறது. தொல்லை உணவில்தான். கல்லின் மேல் படரும் மெல்லிய பாசிப்படலத்தை நாள் முழுவதும் சுரண்டித் தின்பதற்கென்றே அமைந்த நுண்பற்கள் இவற்றுக்கு. பிடித்து, பையில் அடைத்து, மொத்த வியாபாரியின் வெறுந்தொட்டியில் வாரக்கணக்கில் கிடந்து கடைக்கு வரும்போது வயிறு உள்வாங்கிப்போயிருக்கும். அப்படி வயிறு ஒட்டிய மீனை மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. உணவு போட்டாலும் பெரும்பாலும் அது மீள்வதில்லை. மேலிருந்து பார்க்காமல், கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பார்த்து, உருண்டையாக இருப்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டிலும் புதுத்தொட்டி உதவாது. மாதக்கணக்கில் ஓடி, கல்லெல்லாம் பழுப்பும் பச்சையும் படர்ந்த தொட்டிதான் வேண்டும். வெயில் படும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரில் கூழாங்கற்களைப் போட்டு வைத்து, பாசி பிடித்தவற்றைத் தொட்டிக்கும் சுரண்டப்பட்டவற்றை வாளிக்கும் மாற்றி மாற்றி வைப்பது பலரும் கையாளும் எளிய வழி. பாசித் தீவனமும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை உறையவைத்ததும் துணைக்கு வரலாம்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பெருகாத ஸ்டிஃபோடானைவிட, வீட்டில் பெருகும் ரைனோகோபியஸைப் பிடிப்பதே ஓடைக்கு நல்லது என்று முதலில் தோன்றும். உண்மை பல இடங்களில் நேர்மாறானது. கடலில் கலந்து வளரும் குஞ்சுகள் தாய் வாழ்ந்த ஓடைக்குத்தான் திரும்ப வேண்டும் என்பதில்லை. ஆகவே பரந்த பரப்பில் வாழும் ஓர் இனத்தில் ஓர் ஓடையிலிருந்து சில மீன்கள் குறைந்தால், வழி அடைபடாமலும் ஓடை கெடாமலும் இருக்கும்வரை, அடுத்த ஆண்டு கடல் அந்த இடத்தை நிரப்பிவிடக்கூடும். ஓடையிலேயே பிறந்து அங்கேயே இறக்கும் ரைனோகோபியஸுக்கு அந்த வசதி இல்லை. அருவிக்கு மேலே அரை கிலோமீட்டர் நீளத்தில் அடைபட்டுக் கிடக்கும் ஒரு கூட்டத்தை இரண்டு பேர் சேர்ந்து ஒரே கோடையில் வெறுமையாக்கிவிட முடியும், வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. கவா-யோஷினோபோரி பரவலாக இருக்கும் மீன் என்பதால்தான் அதைப் பிடிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ரைனோகோபியஸ் ஜோவி அப்படியல்ல. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் லியன்ஹுவா மலையோடைகளிலிருந்து 2009இல் விவரிக்கப்பட்ட இந்த மீன், நாலு சென்டிமீட்டருக்குள் அடங்கும் உடலில் சிவப்புக் கோடுகளும் துடுப்பு விளிம்பில் வெண்ணீலமுமாக, பேரினத்திலேயே கண்ணைப் பறிப்பது. பெயர் வெளியான கையோடு வணிகத்துக்கும் வந்துவிட்டது. பரப்பு குறுகியது, கேட்போர் அதிகம்; ஓடையில் பிடித்ததை வாங்குவது நியாயமே இல்லை. நல்லவேளையாக முட்டை பெரிது, குஞ்சு பொரிந்ததும் தரையிலேயே தங்கி ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கிவிடும். அதனால் தொட்டியில் பிறந்தவை கிடைக்கின்றன. விலை கூடினாலும் அவற்றையே கேட்டு வாங்க வேண்டும். ஹாங்காங்கிலும் குவாங்டாங்கிலும் வாழும் ரைனோகோபியஸ் டுவோஸ்பிலஸ் இதைவிடத் தாங்குதிறன் உள்ளது, முன்பு ரைனோகோபியஸ் வூயி என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆணின் கன்னத்தில் சிவப்புக் கோடுகள், விரிந்த முன்முதுகுத் துடுப்பு. புதியவர்கள் தொடங்குவதற்கு இதைவிட நல்ல மீன் எனக்குத் தெரியவில்லை.

ரைனோகோபியஸ் எதுவானாலும் ஆண்களுக்கு எல்லை வேண்டும். 60 சென்டிமீட்டர் தொட்டியில் ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களும் போதும். இரண்டாவது ஆணை விடுவதென்றால் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி கற்களை அடுக்க வேண்டும். தட்டைக் கல்லுக்கு அடியிலோ சாய்த்து வைத்த ஓட்டுத்துண்டுக்குள்ளோ ஆண் மணலை வாயால் அள்ளி வெளியே துப்பிக் குழி தோண்டுவான், பெண் உள்ளே போய்த் தலைகீழாக நின்று கூரையில் முட்டை ஒட்டுவாள், பிறகு அவளை விரட்டிவிட்டுத் துடுப்பால் விசிறியபடி அவன் காவல் இருப்பான். பொரியும் தறுவாயில் கல்லோடு வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால் குஞ்சுகளைப் பெரியவையே தின்றுவிடும். சிறு இறால்களையும் இவற்றோடு வைக்க வேண்டாம். ஓடையிலிருந்து புதிதாக வந்தவை உலர்தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. பிளட்வார்ம் எனப்படும் உறைந்த சிவப்புப் புழுவில் தொடங்கி மெல்ல மாற்ற வேண்டும்.

இலங்கையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலடர்ந்த, தெளிந்த ஓடைகளில் வாழும் சிக்யோபஸ் ஜோங்க்ளாசி அந்தத் தீவுக்கே உரியது. 1976இல் விவரிக்கப்பட்ட இதற்கு, மூழ்காளரும் அலங்கார மீன் ஏற்றுமதியில் முன்னோடியுமான ரொட்னி ஜோங்க்ளாஸின் பெயர் சூட்டப்பட்டது. 1998இல் விவரிக்கப்பட்ட ஸ்டிஃபோடான் மார்ட்டென்ஸ்டினியும் இலங்கை மீனே. இவற்றின் குஞ்சுகளும் கடலுக்குப் போகும் பேரினங்களைச் சேர்ந்தவை, எனவே வீட்டில் பெருக்க இயலாது. பரப்பும் ஒரு தீவின் ஒரு மூலை மட்டும் என்பதால் வேறெங்கிருந்தோ குஞ்சு வந்து நிரப்பும் என்ற ஆறுதலும் இல்லை. இரண்டு பக்கமும் நட்டம். இலங்கையின் நன்னீர் மீன்களில் பலவற்றுக்கு விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காப்பும் உண்டு. முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து ஓடையில் படுத்து அரைமணி பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய மீன்கள் இவை.

இனி நம் வீட்டு வெப்பம். ரைனோகோபியஸ் 16 முதல் 24 டிகிரி வரை நன்றாக இருக்கும். 26க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் மூச்சு வேகமெடுத்து, உணவு குறைந்து, நோய் பற்றும். சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கோடையில் அறைத்தொட்டி 30ஐத் தாண்டுவது சாதாரணம். தொட்டிமேல் விசிறி வைத்தால் நீர் ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி குறையும் என்பது உண்மைதான், ஆனால் காற்றிலேயே ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் அந்தப் பலன் பாதியாகிவிடும். ஆகவே சமவெளியில் ரைனோகோபியஸ் என்றால் சில்லர் எனும் நீர் குளிரூட்டி என்றே பொருள், அதன் விலை மீனின் விலையைப் போலப் பல மடங்கு. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா வீடுகளுக்கு அந்தச் செலவே இல்லை. ஸ்டிஃபோடான் 27, 28 டிகிரியைத் தாங்கும், ஆனால் சூடான நீரில் உயிர்வளி குறைவாகக் கரையும் என்பதால் பவர்ஹெட் என்ற சிறு நீர் மோட்டார் வைத்து நீரைச் சுழற்றி, மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் வீட்டில் மின்கல ஏர் பம்ப் இல்லாமல் இரண்டில் எதையும் தொடங்கக்கூடாது. மூடியும் அப்படித்தான், வயிற்று உறிஞ்சியால் கண்ணாடியில் ஏறி, குழாய் நுழையும் இடைவெளி வழியாகவே வெளியேறிவிடும். அந்த இடைவெளிகளைப் பஞ்சால் அடைக்க வேண்டும்.

என் தேர்வை வரிசைப்படுத்தச் சொன்னால், குளிர்ச்சி கிடைக்கும் வீட்டுக்குத் தொட்டியில் பிறந்த டுவோஸ்பிலஸ், அதில் கை தேர்ந்த பிறகு தொட்டியில் பிறந்த ஜோவி. ஜப்பானின் மேற்கில் வசிப்பவர் என்றால் பக்கத்து ஓடையின் கவா-யோஷினோபோரி. சமவெளி வெப்பத்தில் சில்லர் வாங்க மனமில்லாதவருக்குப் பாசி படர்ந்த பழைய தொட்டி இருந்தால் மட்டும், பரவலான இனத்தைச் சேர்ந்த, வயிறு நிறைந்த ஸ்டிஃபோடான். அதுவும் அவை தொட்டியில் பெருகப்போவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு. 12 சென்டிமீட்டர்வரை வளர்ந்து, பாசிக்காக ஒரு பெரிய ஓடையையே கேட்கும் சிக்யோப்டெரஸ் ஜப்போனிகஸ் யாருடைய வீட்டுத் தொட்டிக்கும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும், மிஞ்சிய குஞ்சை ஆற்றில் விடக்கூடாது. கவா-யோஷினோபோரி இயற்கையாக இல்லாத கிழக்கு ஜப்பானின் கான்டோ பகுதி ஆறுகளில், மனிதர் கொண்டுசென்று விட்ட அதே மீன் இன்று நிலைத்துவிட்டது. பிடித்த ஓடையிலேயே திரும்ப விடுவதும், தொட்டி நோயைச் சுமந்து செல்லும் என்பதால், சரியல்ல. கூடுதல் குஞ்சுகளை வேறு வளர்ப்பாளர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால், அடுத்த முறை முட்டையிட்ட கல்லை வேறு தொட்டிக்கு மாற்றாமல் விட்டுவிட்டால் போதும், மற்றதைப் பெரிய மீன்களே பார்த்துக்கொள்ளும்.